சிசேரியனில் ஆவி மயக்கமருந்தும் சிறுநீரகமும்: எதைத் தெரிவு செய்வது?

சிசேரியனுக்கு முழு மயக்கம் கொடுக்கும்போது தாயின் சிறுநீரகத்துக்கு எந்த ஆவி மருந்து (மூச்சோடு உள்ளே போகும் மயக்கமருந்து) நல்லது என்று கேட்டால், பேச்சு உடனே செவோபுளுரேனா ஐசோபுளுரேனா என்பதில் போய் நிற்கும். எங்கள் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. பிரசவத்தோடு சிறுநீரகம் அடிபடுவது அனேகமாக ஆவி மருந்தின் நச்சால் அல்ல. பிரஷர் விழுந்து கிடந்த நிமிடங்கள், துணியிலும் நிலத்திலும் போய் எண்ணப்படாத குருதி, ஏற்கெனவே இருந்த கர்ப்பகால உயர் குருதி அமுக்கம், பிறகு வாட்டில் யோசிக்காமல் எழுதப்படும் டிக்ளோபெனக் என்ற வலிநிவாரணி ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். ஆவி மருந்தைத் தெரிவு செய்வதில் சிறுநீரகத்தைவிடக் கர்ப்பப்பைக்கே அதிக பங்கு இருக்கிறது.

ஆனாலும் “மயக்கம் குடுத்தால் கிட்னி பழுதாப் போயிடுமாமே, டொக்டர்?” என்ற கேள்வியை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு உண்மையான ஒரு பழைய கதை இருக்கிறது.

பழைய பயம் எங்கிருந்து வந்தது

1960களில் மெதொக்சிபுளுரேன் என்ற ஆவி மருந்து பரவலாகப் பாவிக்கப்பட்டது. 1966இல், அதைப் பெற்ற சிலர் சத்திரசிகிச்சைக்குப் பிறகு லீற்றர் கணக்கில் சிறுநீர் கழித்து உலர்ந்துபோவது பதிவானது. சிறுநீரைச் செறிவாக்கும் ஓமோனான வாசோபிரசினைக் கொடுத்தும் சிறுநீர் செறிவடையவில்லை. உள்ளே போன மருந்தில் பாதிக்கும் மேல் உடலில் உடைந்து, அதிலிருந்து புளோரைட்டு வெளிவருகிறது என்பது பிறகு தெரிந்தது. குருதியில் புளோரைட்டு லீற்றருக்கு 50 மைக்ரோமோலைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்ற எல்லைக்கோடும் அந்த மருந்தின் ஆய்வுகளிலிருந்துதான் வந்தது.

அந்த அளவுகோலால் அளந்தால் செவோபுளுரேன் தோற்க வேண்டும். உள்ளே போவதில் 2 முதல் 5 வீதம் உடைகிறது. சிலரில் புளோரைட்டு 50ஐத் தாண்டவும் செய்கிறது. ஐசோபுளுரேன் ஏறத்தாழ 0.2 வீதமும் டெஸ்புளுரேன் 0.02 வீதமும் மட்டுமே உடைகின்றன. அப்படியிருந்தும் செவோபுளுரேன் பெற்றவர்களில் மெதொக்சிபுளுரேன் செய்த சேதம் காணப்படவில்லை. மெதொக்சிபுளுரேன் கல்லீரலில் மட்டுமல்லாமல் சிறுநீரகத்தின் கலங்களுக்குள்ளேயே உடைந்தது. கொழுப்பில் ஊறிக் கிடந்து நாள்கணக்கில் புளோரைட்டை விட்டுக்கொண்டும் இருந்தது. செவோபுளுரேன் பெரும்பாலும் கல்லீரலில் உடைகிறது, மீதி மூச்சோடு வேகமாக வெளியேறிவிடுகிறது. ஆகவே குருதியில் ஓடும் புளோரைட்டின் எண்ணை விட, அது எந்த இடத்தில், எவ்வளவு நேரம் உருவாகிறது என்பதே முக்கியம்.

இரண்டாவது பயம் ‘கொம்பவுண்ட் ஏ’. செவோபுளுரேன் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடாலைமைத் தொடும்போது இது உருவாகிறது. எலிகளின் சிறுநீரக நுண்குழாய்களை இது அழிக்கும். அந்த அழிவுக்கு வழிசெய்யும் நொதியத்தின் தொழிற்பாடு மனிதச் சிறுநீரகத்தில் எலியினதைவிடப் பல மடங்கு குறைவு. வாயு ஓட்டம் குறையக் குறைய, செவோவின் செறிவு கூடக் கூட, சோடாலைம் சூடாகச் சூடாக இதன் அளவு கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்ற குறிப்பு இன்றும் எச்சரிக்கையாகவே இருக்கிறது: நிமிடத்துக்கு 1 லீற்றரிலும் குறைந்த ஓட்டம் வேண்டாம், 1 முதல் 2 லீற்றர் ஓட்டத்தில் 2 மாக்-மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம்.

மாக் என்பது தோலை வெட்டும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவையான செறிவு. ஒரு மணித்தியாலச் சிசேரியனை 0.8 மாக்கில் நடத்தினால் 0.8 மாக்-மணித்தியாலம் வருகிறது. முதல் சில நிமிடங்கள் எப்படியும் 6 முதல் 8 லீற்றர் ஓட்டத்தில்தான் போகும். அதனால் மிகக் கடுமையான எல்லையை வைத்தாலும் வழமையான சிசேரியன் அதற்குக் கிட்டவும் போகாது. நச்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவருக்குள் வேரோடி, கர்ப்பப்பையையே எடுக்க நேர்ந்து, சத்திரசிகிச்சை நாலு மணித்தியாலம் இழுத்தால் கணக்கு 3.2க்கு ஏறும். அப்போது ஓட்டத்தை 2 லீற்றருக்கு மேல் வைக்கலாம், ஐசோவுக்கு மாறலாம், பொற்றாசியம், சோடியம் ஐதரொட்சைட்டு சேராத கல்சியம் உறிஞ்சியைப் போடலாம். ஆனால் அந்த நிலையில் ஆவி மருந்தை விட்டு நாளவழி மயக்கத்துக்கு மாறுவதற்கு இதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. அது கீழே வரும்.

லாப் றிப்போர்ட்டில் நட்சத்திரம் இல்லையென்றால் நம்பிவிடலாமா

எந்த மருந்தை ஒப்பிட முன்னும் கையிலுள்ள சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கேதான் அடிக்கடி சறுக்குகிறது. கர்ப்பத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டல் வீதம் 40 முதல் 50 வீதம் கூடுகிறது. அதனால் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியற்றினின் குருதியில் டெசிலீற்றருக்கு 0.4 முதல் 0.8 மில்லிகிராம் வரை, அதாவது லீற்றருக்கு 35 முதல் 70 மைக்ரோமோல் வரை இறங்கி நிற்கும். லாப் அச்சிடும் ‘சாதாரண எல்லை’ கர்ப்பிணிக்கு உரியதல்ல. 1.0 என்று வந்த றிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி இருக்காது, கோப்பைப் புரட்டுபவர் தாண்டிப் போய்விடுவார். நிறைமாதத் தாயில் 1.0 என்பது சிறுநீரகம் ஏற்கெனவே தடுமாறுகிறது என்பதற்கான அறிகுறி. 1.1ஐத் தாண்டினால், வேறு சிறுநீரக நோய் இல்லாத பட்சத்தில், உயர் குருதி அமுக்கத்தோடு சேர்த்து அதைக் கடும் பிரி-எக்லாம்சியாவாகவே (கர்ப்பகால உயர் குருதி அமுக்கம் மற்ற உறுப்புகளையும் தாக்கும் நோய்) பார்க்க வேண்டும்.

அலகையும் கவனிக்க வேண்டும். தனியார் லாப் ஒன்று மில்லிகிராமிலும் அரச வைத்தியசாலை மைக்ரோமோலிலும் தரலாம், 88.4ஆல் பெருக்கினால் ஒன்று மற்றதாகும். சாவகச்சேரியிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு வருபவரின் இரண்டு றிப்போர்ட்டுகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான். வன்னிப் பக்கத்திலிருந்து வருபவர்களில், வட மத்திய மாகாணத்தைப் போலவே வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலும் காணப்படும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயையும் மனதில் வைத்து, கர்ப்பத்துக்கு முந்திய கிரியற்றினின் ஏதாவது இருக்கிறதா என்று கிளினிக் கொப்பியைத் தேடிப் பார்ப்பது பயன் தரும்.

முதுகு ஊசியா, முழு மயக்கமா

தடையில்லாத இடத்தில் முதுகு ஊசி. இதில் எங்களுக்கு இரண்டு மனம் இல்லை. காரணம் சிறுநீரகம் மட்டுமல்ல: மூச்சுக்குழாய்ச் சிக்கல் இல்லை, கர்ப்பப்பை தளர்வதில்லை, குருதி இழப்புக் குறைவு. சிறுநீரகத்துக்குக் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டின் வழியாகவே வருகிறது. முழு மயக்கம் பெற்றவர்களில் சிறுநீரகப் பாதிப்பு அதிகம் என்று எண்களைக் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குருதி பெருகுபவர், வலிப்பு வந்தவர், குருதியை உறையவைக்கும் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை விழுந்தவர் ஆகியோருக்குத்தான் முழு மயக்கம் கொடுக்கப்படுகிறது. அவர்களுடைய சிறுநீரகம் மேசைக்கு வர முன்னமே அடிபட்டிருக்கும்.

முதுகு ஊசியின் பலவீனம் பிரஷர். விறைக்க வைக்கும் 0.5 வீத ஹெவி பியூபிவக்கெயின் 2 முதல் 2.4 மில்லிலீற்றர், கூட வலிநிவாரணியான பென்ரனில் 10 முதல் 20 மைக்ரோகிராம். சில நிமிடங்களில் விறைப்பு மார்புக் காம்பு மட்டத்துக்கு ஏறும், குருதிக்குழாய்கள் விரியும். சிறுநீரகத்துக்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் குருதி போக வேண்டும். விழுந்த பிரஷரைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் முதுகு ஊசியின் நன்மையெல்லாம் கரைந்துவிடும். மேல் அமுக்கத்தைத் தொடக்க அளவின் 90 வீதத்துக்குக் கீழே விடாமல் பிடிப்பது இலக்கு. 80 வீதத்துக்குக் கீழே போனால் உடனே கை வைக்க வேண்டும். இடது பக்கம் 15 பாகை சரிவு, ஊசி போடும் அதே நேரத்தில் வேகமாக ஓடும் ஹார்ட்மன் சேலைன் 500 முதல் 1000 மில்லிலீற்றர், குழாய்களைச் சுருக்கிப் பிரஷரைக் கூட்டும் பினைல்எப்ரின் நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் பம்பில். பம்ப் இல்லையென்றால் 50 முதல் 100 மைக்ரோகிராம் தவணையாக. நாடி 60க்குக் கீழே இறங்கினால் எபெட்ரின் 6 மில்லிகிராம். பிரி-எக்லாம்சியா உள்ள தாய்க்கு இந்தச் சேலைன் கணக்குப் பொருந்தாது. அதுவும் கீழே வருகிறது.

பினைல்எப்ரின் அம்பியூலில் 10 மில்லிகிராம் இருக்கும். அதை 100 மில்லிலீற்றர் சேலைனில் கலந்தால் ஒரு மில்லிலீற்றரில் 100 மைக்ரோகிராம். கலக்காமல் ஒரு மில்லிலீற்றரை ஏற்றினால் நூறு மடங்கு. அம்பியூலை உடைப்பவரே கலந்து, அவரே பெயரொட்டி ஒட்ட வேண்டும்.

பிரஷரைக் கூட்டும் மருந்து சிறுநீரகக் குழாயையும் சுருக்கிவிடுமே என்று தயங்கி, குறைந்த பிரஷரோடு விட்டுவைப்பவர்கள் உண்டு. இந்த அளவில், இந்த நேரத்துக்கு, அந்தத் தயக்கம் தவறு. தள்ளும் அமுக்கம் இல்லாமல் விரிந்த குழாயால் சிறுநீரகத்துக்கு ஒரு பயனும் இல்லை.

ஆவி மருந்துகளுக்குள்

முதுகு ஊசி முடியாது என்றால், இங்கு நடைமுறையில் தெரிவு ஐசோ, செவோ என்ற இரண்டுக்குள்தான். மற்ற இரண்டையும் சுருக்கமாகத் தள்ளிவிடலாம்.

ஹலோதேன் 1956இல் வந்த பழைய கை. ஐந்தில் ஒரு பங்கு உடலில் உடைகிறது என்றாலும் அது கெடுப்பது சிறுநீரகத்தையல்ல, கல்லீரலை. கர்ப்பப்பையை நன்றாகத் தளர்த்தும், இதயத்தையும் அமுக்கும். கல்லீரல் நொதியங்கள் ஏறி, சிறுதட்டு விழுந்த தாய்க்கு இதைக் கொடுத்தால், மறுநாள் எது நோயால், எது மருந்தால் என்று பிரிக்க முடியாமல் போகும். வேறு ஒன்று இருக்கும்போது இதைத் தொட வேண்டியதில்லை.

டெஸ்புளுரேன் மிகக் குறைவாகவே உடைகிறது. சிறுநீரகத்தை மட்டும் பார்த்தால் முதல் இடம் அதற்குத்தான். ஆனால் அது 22.8 பாகையில் கொதிக்கும். யாழ்ப்பாணத்து அறை வெப்பநிலை வருடத்தின் பெரும்பகுதியில் அதற்கு மேல்தான். மின்சாரத்தால் சூடேற்றி அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் தனி வேப்பரைசர் (மருந்தை ஆவியாக்கும் கருவி) வேண்டும், விலையும் கூட, செறிவைச் சடுதியாகக் கூட்டினால் நாடியும் பிரஷரும் எகிறும். பிரி-எக்லாம்சியாத் தாய்க்கு அந்த எகிறல் மூளையில் குருதிக்கசிவாக முடியலாம். சூழலுக்கும் மோசம், ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் அதன் பாவனையை மருத்துவத் தேவை நிரூபிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. சில நிமிடம் முன்னே விழிக்க வைப்பதற்காக இவ்வளவும் தேவையா?

இனி ஐசோவும் செவோவும். இரண்டும் குழாய்களை விரித்துப் பிரஷரை இறக்கும். அதற்கேற்பச் சிறுநீரகக் குருதியோட்டம், வடிகட்டல், சிறுநீர் மூன்றும் மயக்கத்தின்போது குறையும். மருந்து இறங்கியதும் மீளும். ஒரே மாக்கில், ஒரே பிரஷரில் வைத்தால் சிறுநீரகத்துக்கு இரண்டுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேகத்தில். குருதி-வாயு கரைதிறன் செவோவுக்கு 0.65, ஐசோவுக்கு 1.4. கூட்டினால் செவோ விரைவாக ஏறும், குறைத்தால் விரைவாக இறங்கும். குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுருங்கவில்லை என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லும் நிமிடத்தில் அந்த வேகம் கைகொடுக்கும். அதனால் இரண்டும் இருந்தால் செவோ என்பது எங்கள் சாய்வு. செவோ இல்லாத நாளில் ஐசோவை ஒரு தயக்கமும் இல்லாமல் எடுக்கலாம்.

செலவும் ஒரு கணக்குத்தான், அதுவும் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு. மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் திரவம் செலவாகும் என்பதற்கு ஓட்டத்தையும் வீதத்தையும் பெருக்கி மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்டச் சரிவரும். முதல் 5 நிமிடம் 8 லீற்றர் ஓட்டத்தில் செவோ 3 வீதம், பிறகு 55 நிமிடம் 2 லீற்றரில் 1.5 வீதம் என்றால் மொத்தம் 14 மில்லிலீற்றர். ஐசோ 2 வீதத்தில் தொடங்கி 0.8இல் ஓடினால் 8 முதல் 9. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஓட்டத்தைக் குறைக்கலாம், செறிவைக் குறைக்கக் கூடாது.

செறிவைக் குறைக்கும் பழக்கம் இன்னும் சாகவில்லை. குழந்தைக்குப் போய்விடும், கர்ப்பப்பை தளரும், சிறுநீரகம் கெடும் என்று மூன்று காரணம் சொல்லி வேப்பரைசரை அரை மாக்கில் வைப்பார்கள். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான தேசியத் தணிக்கையில், முழு மயக்கச் சிசேரியனில் ஏறத்தாழ 670 பேரில் ஒருவர் சத்திரசிகிச்சையின் நடுவில் விழித்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். பொதுவான சத்திரசிகிச்சைகளைவிட இது பல மடங்கு. கர்ப்பத்தில் மாக் 30 வீதமளவில் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் மாக் அளப்பது முள்ளந்தண்டின் அசைவுத் தெறிவினையை. மூளை உறங்கத் தேவையான அளவு அதே கணக்கில் குறைவதில்லை. அதனால் அந்த 30 வீதத்தைக் கழிக்கக் கூடாது. 50 வீத நைத்திரசு ஒட்சைட்டுடன் செவோ 1.0 முதல் 1.5 வீதம் வரை, அல்லது ஐசோ 0.6 முதல் 0.8 வீதம் வரை, வெளிமூச்சில் அளந்து வைக்கவும். வேப்பரைசரின் முகப்பில் உள்ள எண் தாயின் மூளையில் உள்ள எண்ணல்ல.

மயக்கத்தைத் தொடக்கும் விதத்தில் ஆவி மருந்து மாறுவதால் ஒன்றும் மாறாது: மூன்று நிமிட ஒட்சிசன், தயோபென்ரோன் கிலோவுக்கு 4 முதல் 5 மில்லிகிராம் அல்லது புரோபோபோல் 2 முதல் 2.5, தசைத் தளர்த்தியான சக்சமெதோனியம் 1 முதல் 1.5. சிறுநீரகம் செயலிழந்தவரில் மட்டும் முதலில் பொற்றாசியத்தைப் பாருங்கள். சக்சமெதோனியம் அதை லீற்றருக்கு 0.5 முதல் 1 மில்லிமோல் வரை ஏற்றும், 5.5இல் நிற்பவருக்கு அது வேண்டாம், றோக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் கொடுக்கலாம். ஆனால் அதை மாற்றும் சுகமடெக்சும் சிறுநீரகத்தால்தான் வெளியேற வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும். அதன்பின் தசைத் தளர்வைத் தொடர அற்றகூரியம். அது சிறுநீரகத்தை நம்பாமல் தானாக உடையும்.

இனி உபகரணம். ஐசோவின் ஆவியமுக்கம் 20 பாகையில் ஏறத்தாழ 238, செவோவினது 160 மில்லிமீற்றர் இரசம். மஞ்சள் நிறச் செவோ வேப்பரைசரில் தவறுதலாக ஊதா நிற ஐசோவை ஊற்றினால் முகப்பு காட்டுவதைவிடக் கூடிய செறிவு வரும், அதுவும் இரட்டிப்பு வீரியமுள்ள மருந்து. பிரஷர் சரியும், காரணம் குருதி இழப்பு என்று நினைத்துச் சேலைனை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். சாவி வடிவ நிரப்பி உள்ள வேப்பரைசரில் இது நடக்காது. பழைய புனல் வகையில் நடக்கும். இரண்டாவது, உலர்ந்த சோடாலைம். வெள்ளி மாலை ஒட்சிசனை மூட மறந்து, திங்கள் காலை வரை ஓடவிட்ட மெசினில் சோடாலைம் உலர்ந்துபோகும். நிறம் மாறாது, ஏனெனில் நிறம் காட்டுவது உறிஞ்சும் திறனை, ஈரத்தை அல்ல. அதில் செவோ போனால் சோடாலைம் பாத்திரம் கொதிக்கும். ஐசோ, டெஸ் போனால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். இருபத்துநாலு மணிநேரமும் ஓடும் தியேற்றரில் இது அரிது, கிழமைக்கு இரண்டு நாள் திறக்கும் தியேற்றரில்தான் கவனம் வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு

தொப்புள்கொடி கவ்வியதும் கணக்கு மாறுகிறது. எல்லா ஆவி மருந்துகளும் கர்ப்பப்பைத் தசையை அளவுக்கேற்பத் தளர்த்தும். 1 மாக்கைத் தாண்டத் தாண்ட, அதைச் சுருங்க வைக்கும் ஒக்சிற்றோசினுக்கு அது கீழ்ப்படிவதும் குறையும். தளர்ந்த கர்ப்பப்பை குருதியைக் கொட்டும். கொட்டிய குருதி சிறுநீரகத்தைப் புளோரைட்டைவிடப் பல மடங்கு கெடுக்கும். ஆகவே வலிநிவாரணி ஊசியைக் கொடுத்து, நைத்திரசு ஒட்சைட்டைக் கூட்டி, ஆவியை 0.5 முதல் 0.7 மாக்குக்கு இறக்குங்கள்.

அதற்குப் பிறகும் கர்ப்பப்பை மெதுமெதுவென்று கிடந்தால் ஆவியை முற்றாக நிறுத்திப் புரோபோபோல் பம்புக்கு மாறுவதுதான் சரியான தெரிவு. நீளும் சத்திரசிகிச்சையில் நாளவழி மயக்கத்துக்கு வலுவான காரணம் என்று மேலே சொன்னது இதைத்தான். புரோபோபோல் கர்ப்பப்பையைக் குறிப்பிடும்படி தளர்த்தாது, புளோரைட்டும் விடாது. ஆனால் பம்ப் வேண்டும், ஊசி ஏறும் நாளம் கண்ணில் தெரிய வேண்டும். பிரஷரை இறக்குவதில் அதுவும் சளைத்ததல்ல.

ஒக்சிற்றோசின் 5 அலகை ஒரே தள்ளில் கொடுத்தால் பிரஷர் குப்பென்று விழும், நாடி ஓடும். குருதி இழந்து நிற்கும் தாய்க்கு மேலும் ஆபத்து. 1 முதல் 3 அலகு மெதுவாக, பிறகு பம்பில். அதைக் குளுக்கோஸ் சேலைனில் லீற்றர் கணக்கில் கரைத்து ஓடவிடுவதையும் விட்டுவிடுங்கள். ஒக்சிற்றோசினுக்குச் சிறுநீரை நிறுத்தும் குணம் உண்டு. தண்ணீர் உள்ளே தேங்கிச் சோடியம் இறங்கும்.

பிரி-எக்லாம்சியா

முதுகு ஊசிக்குத் தடை பெரும்பாலும் சிறுதட்டுக்களின் எண்ணிக்கைதான். 70,000க்கு மேல் நின்று, வேகமாக இறங்காமலும் வேறு குருதியுறைவுக் கோளாறு இல்லாமலும் இருந்தால் முதுகு ஊசி போடலாம் என்பதே இன்றைய பொதுவான நிலைப்பாடு. முழு மயக்கம்தான் என்றால், மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடும்போது ஏறும் பிரஷரை முன்கூட்டியே அடக்க வேண்டும்: லபெற்றலோல் 10 முதல் 20 மில்லிகிராம் தவணையாக, அல்லது வேகமாக வேலைசெய்யும் ஓபியொயிட் (மோர்பின் வகை வலிநிவாரணி). இங்கே உயிர் போவது சிறுநீரகத்தால் அல்ல, மூளையால்.

சிறுநீர் குறைவு என்று சேலைனை ஏற்ற வேண்டாம். இவர்களின் குழாய்கள் கசியும். ஏற்றிய நீர் நுரையீரலில் போய் நிற்கும். எல்லாம் சேர்த்து மணித்தியாலத்துக்கு 80 மில்லிலீற்றர் போதும், இழந்த குருதிக்குப் பதில் மட்டும் தனிக்கணக்கு. லசிக்ஸ் போட்டுச் சிறுநீரை வரவழைப்பது வாட்டுத் தாளை அழகாக்கும், சிறுநீரகத்தைக் காக்காது. நுரையீரலில் நீர் நின்றால் மட்டும் அதற்கு இடமுண்டு. வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மகனீசியம் சல்பேற்று சிறுநீரால்தான் வெளியேறுகிறது. 4 கிராம் ஏற்றி, மணித்தியாலத்துக்கு 1 கிராம் ஓடும்போது சிறுநீர் நாலு மணித்தியாலத்தில் 100 மில்லிலீற்றருக்குக் கீழே போனால் நிறுத்தி, முழங்கால் தெறிவினையைத் தட்டிப் பாருங்கள். மூச்சுத் தளர்ந்தால் 10 வீதக் கல்சியம் குளுக்கனேற்று 10 மில்லிலீற்றர். மகனீசியம் தசைத் தளர்த்திகளின் நேரத்தையும் நீட்டும். அற்றகூரியத்தைக் குறைத்துக் கொடுத்து, நரம்புத் தூண்டியால் பார்த்த பிறகே குழாயை எடுக்கவும்.

பையில் சிறுநீர் இல்லை

மயக்கத்தின் நடுவில் சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் செயலிழந்தது என்று அர்த்தமல்ல. மன அழுத்த ஓமோன்கள், ஆவி மருந்து, ஒக்சிற்றோசின் மூன்றும் சேர்ந்து அதைக் குறைக்கும். முதலில் குனிந்து குழாயைப் பாருங்கள். கதீற்றர் தாயின் தொடைக்கும் மெத்தைக்கும் நடுவில் நசிந்திருக்கும். பை மேசையின் மட்டத்துக்கு மேலே மாட்டப்பட்டிருக்கும். மாற்றும்போது போட்ட கவ்வி கழற்றப்படாமல் இருக்கும். அல்லது சத்திரசிகிச்சை நிபுணரின் விரிப்பான் சிறுநீர்ப்பையை அமுக்கிக்கொண்டிருக்கும். நேராக்கியதும் 150 மில்லிலீற்றர் ஒரேயடியாக இறங்கினால் அந்த மணித்தியாலத்தின் கணக்குத் தீர்ந்தது.

குழாய் சரியென்றால் பிரஷர், பிறகு குருதி. துணிகளை நிறுத்துப் பார்க்க வேண்டும்; கண்ணால் மதிப்பிட்டால் பாதிதான் வரும். குருதி பெருகினால் உறைந்த குருதி கரையாமல் காக்கும் ரனெக்சாமிக் அமிலம் 1 கிராம் பத்து நிமிடத்தில், மூன்று மணித்தியாலத்துக்குள். சிறுநீரகம் கெட்டவரில் அடுத்த தவணைக்கு முன் யோசிக்கவும். ஸ்ராச் வகைத் திரவங்கள் வேண்டாம், அவை சிறுநீரகத்தைக் கெடுப்பது தெளிவாகிவிட்டது. ஹார்ட்மனில் பொற்றாசியம் இருக்கிறதே என்று சிறுநீரக நோயாளிக்குச் சாதாரணச் சேலைனைத் தெரிவு செய்வது தலைகீழ் வேலை. லீற்றரில் 5 மில்லிமோல்தான் இருக்கிறது. சேலைனின் குளோரைட்டு குருதியை அமிலமாக்கிப் பொற்றாசியத்தை அதைவிடக் கூட ஏற்றும்.

பிரஷரும் குருதியும் சரியாகி, தாய் விழித்தும் சிறுநீரே இல்லையென்றால், அல்லது ஒரு பக்க விலாவில் வலியென்றால், சிறுநீர்க்குழாய் தையலில் அகப்பட்டதா என்று ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். தடைப்பட்ட பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவது வழமை, தெளிந்துவிடும். தெளியாமல் கூடிக்கொண்டு போனால் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம்.

வாட்டில்

60 கிலோத் தாய்க்கு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றர் சிறுநீர் எதிர்பார்க்கலாம். ஆறு மணித்தியாலம் தொடர்ந்து அதற்குக் கீழே நின்றால், அல்லது 48 மணித்தியாலத்துக்குள் கிரியற்றினின் 0.3 மில்லிகிராம் ஏறினால், அது சடுதியான சிறுநீரகப் பாதிப்பு. 0.5 இலிருந்து 0.8க்குப் போனாலும் அது ஏறினதுதான். றிப்போர்ட்டில் அப்போதும் நட்சத்திரம் இருக்காது.

அதிகம் குருதி இழந்தவர், கிரியற்றினின் ஏறியவர், சிறுநீர் குறைந்தவர் ஆகியோருக்கு டிக்ளோபெனக் வேண்டாம். பரசிற்றமோல் போதுமான அளவில் கொடுத்து, மேலதிகமாகத் தேவைப்பட்டால் வயிற்றுச் சுவர் நரம்புத் தடை போடலாம். சிறுநீரகம் கெட்டவரில் மோர்பினின் எச்சமும் உடலில் தேங்கும். இடைவெளியை நீட்டிக் கொடுத்து மூச்சை எண்ணவும்.

திட்டமிட்ட சிசேரியனுக்கு முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்துவது தேவையற்ற கெடுபிடி. ஆடி ஆவணி வெயிலில், காலை பதினொரு மணிக்கு மேசைக்கு வரும் தாய் அரை நாள் உலர்ந்து வருகிறார். தெளிந்த பானத்தை, பால் சேராத பிளேன்ரீ உட்பட, இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரை குடிக்கலாம். பிறகு வீட்டுக்குப் போனதும் வயிறு வைக்கும் என்று சொல்லித் தண்ணீரை அளந்து கொடுக்கும் அம்மம்மாக்களிடமும், சிறுநீர் நன்றாகப் போக இளநீர் நல்லது என்று வெட்டிக்கொண்டு வரும் மாமாக்களிடமும் பேச வேண்டும். சிறுநீரகம் நலமாக உள்ளவருக்கு இளநீரால் ஒன்றுமில்லை. பொற்றாசியம் ஏறி நிற்பவருக்கு அது மருந்தல்ல, பாரம்.

பிரி-எக்லாம்சியா இருந்தவருக்கும் கிரியற்றினின் ஏறியவருக்கும் ஆறாவது கிழமையில் பிரஷர், கிரியற்றினின், சிறுநீர்ப் புரதம் மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். மூன்று மாதம் கடந்தும் புரதம் போய்க்கொண்டிருந்தால் சிறுநீரக கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து, கர்ப்பத்துக்கு முந்திய றிப்போர்ட்டுகளையும் மயக்கமருந்துத் தாளின் பிரதியையும் அதோடு சேர்த்து அனுப்பவும்.